சொல்லாமல் காட்டிய வெள்ளம்

ரத்தினவேலிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறான். குடிக்க மாட்டான், சீட்டுக்கட்டைத் தொட மாட்டான், ரேஷன் கடையில் வேலை பார்க்கிற பெண்டாட்டி ஜோதிக்கு அடங்கி நடப்பான். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மலை செய்வான், ஆறு செய்வான், காடு செய்வான்.

செய்வான் என்றுதான் சொல்ல வேண்டும். இது வரைகிற வேலை இல்லை. தரை எங்கே மேடு, எங்கே பள்ளம், சூரியன் எந்தப் பக்கம், பனி எவ்வளவு, தண்ணீர் எது வரைக்கும் என்று புரோகிராமிடம் சொல்லிவிட வேண்டும். அது மணிக்கணக்கில் கணக்குப் போட்டு, கடைசியில் கேமராவில் எடுத்த மாதிரி ஒரு படத்தைத் தரும். "பஸ் ஏறிப் போனா பச்சமலையே நிக்குது. பார்த்துட்டு வர வேண்டியதுதானே?" என்பாள் ஜோதி. நியாயமான கேள்விதான். ரத்தினவேல் மவுஸை நகர்த்திக்கொண்டிருப்பான். இந்தக் கிறுக்குப் பிடித்த யாரும் இதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

திருச்சியில் இப்படி இன்னும் சில பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே வாட்ஸப் குரூப். கைலாசபுரத்தில் குடியிருக்கிற பிராங்க்ளின் சார்தான் அதற்குத் தலை. பெரிய தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருப்பவர், வாயைத் திறந்தால் கலகலப்பு. அடுத்தது லின்சி. ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். படம் நன்றாக இல்லை என்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். இவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றே ஒன்றுதான்: நம்மைப் போலப் பொழுதுபோக்குக்குச் செய்கிறவனுக்கு எந்த புரோகிராம் தோதுப்படும்?

கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் இவர்கள் வாயில் நிற்கவில்லை. வானத்தையும் வெளிச்சத்தையும் அள்ளிக் கொட்டுகிற ஒன்றுக்கு 'மேகக்காரன்' என்று பெயர். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் பழகுவது சுலபம். இன்னொன்று செடிகொடி, புல்பூண்டு என்று ஒரு தோட்டத்தையே வயிற்றுக்குள் வைத்திருந்தது. இழுத்துப் போட்டால் காடு. அதற்கு 'மரக்காரன்'. மூன்றாவது இலவசம், அதனால் 'ஓசிக்காரன்'. அதில் செய்ய முடியாதது எதுவுமில்லை, ஆனால் கற்றுக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். சாதாரணக் கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு படத்துக்கு நாள் முழுக்க முக்கி முனகும். பாதியில் நிறுத்தினால் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக நிற்கும்.

சண்டையைத் தீர்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்துக்கு ஓர் இடம். அதே இடத்தை, அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் மூன்று புரோகிராமிலும் செய்ய வேண்டும். பிறகு அந்த இடத்தை நன்றாகத் தெரிந்த யாருக்காவது மூன்றையும் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. 'சொல்லாமல் காட்டுவது' என்று அதற்குப் பெயர். பார்த்தவர் எதை போட்டோ என்று நம்புகிறாரோ அந்த புரோகிராம் ஜெயித்தது. ஒருமுறை வையம்பட்டிப் பக்கத்துச் செம்மண் காடு ஒன்றைச் செய்து சித்தப்பா மகன் மருதைக்கு அனுப்பினான் ரத்தினவேல். மருதை விவசாயி. மரக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு காடுண்ணே, களை எடுக்காம இப்படிப் போட்டு வெச்சிருக்கான்? மனுஷனா அவன்?" என்று திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். குரூப்பில் அன்றைக்குக் கல்யாண வீட்டுக் கும்மாளம்.

அந்த ஆடியில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். டிவியைப் போட்டால் கன அடி, பேப்பரைத் திறந்தால் கன அடி. ரத்தினவேலுக்கு ஆசை வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தின் வடக்குக் கரையில் கொள்ளிடம் வெள்ளமாகப் போகிறதை இந்த மாதம் செய்யலாம் என்றான். மலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் என்றால் கொஞ்சம் நடுக்கம். தண்ணீர்தான் புரோகிராமின் குட்டை உடைக்கும். பிராங்க்ளின் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

அந்தக் கரையை அவன் ஏன் எடுத்தான் என்றால், அது அவனுக்கு மனப்பாடம். அவன் தங்கை செல்லக்கிளி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி வீடு. மாப்பிள்ளை இளவரசன் பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம். நல்ல மனுஷன், என்ன, சட்டென்று பதறுவான். மாமியார் வெள்ளையம்மாள் வாய் திறந்தால் தெருவே கேட்கும்.

செல்லக்கிளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணமாகி எத்தனையோ வருஷம். வயிற்றில் தங்கியது எதுவும் நிற்கவில்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இப்போதுதான் ஒன்று ஏழாம் மாதம் வரைக்கும் வந்திருந்தது. அதுவும் சும்மா வரவில்லை. கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டு, "படுத்தே இரும்மா. பாத்ரூம் தவிர எதுக்கும் எழுந்திரிக்காதே. ஆட்டோ, பைக்னு ஒரு குலுக்கல் ஆகாது" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் நாடாக் கட்டில் போட்டு அதிலேயே கிடந்தாள். வெள்ளையம்மாள் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தினவேல் செய்து முடித்தான். சாட்டிலைட்டில் எடுத்த தரை மட்டக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, கரை, படித்துறை, படித்துறை மேலே டீக்கடை, டீக்கடைக்குப் பின்னால் தெருமுனை என்று ஒவ்வொன்றாக வைத்தான். இந்த புரோகிராம்களில் தண்ணீர் என்பது ஒரே ஓர் எண். கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். படித்துறையின் பாதி வரைக்கும் வைத்துப் பார்த்தான். சப்பென்று இருந்தது. ஏற்றினான். டீக்கடை பெஞ்சு முழுகி, தெருவிளக்குக் கம்பத்தின் நிழல் தண்ணீரில் நெளிந்தது. அடடா என்று இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டான்.

மேகக்காரனில் வானம் பிரமாதம், தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. மரக்காரனில் கரையோர நாணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, தென்னை மட்டும் ஏதோ வெளிநாட்டு ஓட்டல் வாசலில் நிற்கிற ஜாதி. ஓசிக்காரன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அதுவரை சேமித்திருந்தது ஒரு படம், மங்கலாக, புள்ளிப் புள்ளியாக. ரத்தினவேலுக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போனால் போகட்டும், ஓசிக்காரன் எப்படியும் தோற்கப் போகிறான் என்று அதையே எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் மூன்றையும் அனுப்பினான். யாருக்கு? குடும்ப குரூப்புக்கு. இளவரசனுக்கு அந்தக் கரையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். அங்கேயே குடியிருக்கிறவன் நம்பிவிட்டால் அதைவிட சர்ட்டிபிகேட் உண்டா? இந்தக் கிறுக்குப் பிடித்தவனுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். வேறு எவனாக இருந்தாலும் ஒரு நொடி யோசித்திருப்பான். ஒரு வார்த்தை எழுதாமல் அனுப்பினான். பட்டறையில் மிஷினிடம் போகும்போது போனைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போட்டான், போனான்.

சாப்பாட்டுக்கு வெளியே வந்து போனை எடுத்தான். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். இளவரசன், ஜோதி, இளவரசன், யாரென்றே தெரியாத நம்பர்கள். குடும்ப குரூப்பைத் திறந்தான். முதல் இரண்டு படங்களை யாரும் சீண்டவில்லை. மூன்றாவதன் கீழே இளவரசன் கேட்டிருந்தான்: "மச்சான் இது இப்பவா???" அதற்குக் கீழே: "அம்மா போனை எடு." அதற்கும் கீழே: "ஐயோ தெருவுக்குள்ள வந்துடுச்சே."

தோற்கப் போகிறது என்று நினைத்த அந்த அரைகுறைப் படம் எப்படி இருந்தது தெரியுமா? மழை மூட்டத்தில், எவனோ பயந்துகொண்டே போனில் எடுத்தது மாதிரி இருந்தது. அழகாக இருந்த இரண்டையும் ஜனம் காலண்டர் படம் என்று தள்ளிவிட்டது. அசிங்கமாக இருந்ததை நம்பிவிட்டது. இளவரசன் மார்க்கெட்டில் இருந்தபடியே அதைத் தெரு குரூப்புக்கு அனுப்பியிருந்தான். தெருவிலிருந்து பக்கத்துத் தெரு, அங்கிருந்து ஊர்.

ரத்தினவேல் இளவரசனைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. செல்லக்கிளியைக் கூப்பிட்டான். அவளும் எடுக்கவில்லை. ஜோதி எடுத்தாள். "என்னங்க இது, இளவரசன் தம்பி செல்லக்கிளியை ஆட்டோவுல ஏத்திட்டு..." ரத்தினவேல் மீதியைக் கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லாமல் கொள்ளாமல் பைக்கை எடுத்தான்.

காவிரிப் பாலத்தில் ஊரே நின்றது. வெள்ளம் பார்க்க வந்த கூட்டம். பைக்கைச் சாய்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், ஐஸ் வாங்கித் தின்கிறார்கள். ஹார்ன் அடித்து அடித்து ரத்தினவேலின் விரல் மரத்துப்போனது. "யோவ், வழி விடுய்யா!" "ஏன் சார், ஆத்துக்குள்ள குதிக்கப் போறீங்களா?" என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினான். குதித்தால் தேவலை என்றுதான் இருந்தது அவனுக்கு. செல்லக்கிளிக்கு ஒன்று ஆனால் அப்புறம் எந்த மூஞ்சியோடு உயிரோடு இருப்பது?

தெருமுனையில் பார்த்தான். மூட்டை முடிச்சுகளோடு ஜனம். கியாஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தர், டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தர். ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர், "தண்ணி கீழதானே போவுது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், கேட்க ஆளில்லை. ஆட்டோக்கள் முட்டி மோதி நின்றன. ஒன்றில் செல்லக்கிளி. வெள்ளையம்மாளின் மடியில் தலை வைத்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். டிரைவர் நெரிசலில் இருந்து விடுபட ஆட்டோவை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, குழியில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முகம் சுருங்கியது.

"நிறுத்துங்க! வெள்ளம் இல்லை! அது நான் செஞ்ச படம்!"

ஆட்டோவுக்கு முன்னால் நின்று வழி விலக்கிக்கொண்டிருந்த இளவரசன் திரும்பினான். "என்ன மச்சான் சொல்றீங்க?"

"கம்ப்யூட்டர்ல செஞ்சது மாப்பிள்ளை. நிஜமில்லை. சும்மா, எது நல்லா இருக்குன்னு பார்க்க..."

இளவரசனுக்கு அது மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் ஆனது. இறங்கியதும் அவன் ரத்தினவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எதுக்கு மச்சான்? எதுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தெருவே சுற்றி நின்று பார்த்தது. அப்போது ஆட்டோவுக்குள்ளிருந்து வெள்ளையம்மாள் குரல் வந்தது. "டேய் இளவரசா, ரத்தம் படுதுடா."

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது பிராங்க்ளின் சார் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. படம் ஊர் முழுக்கச் சுற்றுகிறதைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். "ரத்தினவேல்! ஓசிக்காரன் ஜெயிச்சுட்டான்யா! திருச்சியே நம்பிடுச்சு!" ரத்தினவேல் விஷயத்தைச் சொன்னான். அவர் "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார்.

தையல் பிரியவில்லை. குழந்தையின் துடிப்பு இருந்தது. ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆம்புலன்சில் படுத்தபடியே வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா இளவரசனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஒரு குலுக்கல் ஆச்சுன்னா நான் பொறுப்பில்லை" என்றார்கள்.

ரத்தினவேல் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். சிலர் திட்டினார்கள், சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். முனையில் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிற அர்ஹம், "விடுங்கண்ணே, ஆனது ஆச்சு" என்று தோளைத் தட்டினான். எது வந்தாலும் இப்போது தெரு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது நிஜமா, ரத்தினவேலுதா?" கோயில் யானை படம் வந்தால்கூட அதே கேள்வி. செல்லக்கிளி வீட்டில் மட்டும் அவனை உள்ளே விடவில்லை. இளவரசன் அவன் நம்பரைப் பிளாக் பண்ணிவிட்டான். வெள்ளையம்மாள் வாசல் நிலையில் நின்றபடி, "பிள்ளை பொறந்து நல்லபடியா வந்தா சொல்லி அனுப்புறோம் தம்பி. அதுவரைக்கும் இந்தப் படி ஏறாதீங்க" என்றாள். ரத்தினவேல் தலையை ஆட்டிவிட்டு வந்தான். கம்ப்யூட்டர் மேல் ஜோதி ஒரு பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தாள். அவனும் விலக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலையே ஓடவில்லை. மூன்று தடவை ஒரே துண்டில் தப்பு விட்டான். சூப்பர்வைசர், "வீட்டுக்குப் போய்த் தொலைய்யா" என்று அனுப்பிவிட்டார். கால் தானாக ஸ்ரீரங்கத்துக்குப் போனது. தங்கை வீட்டுக்குப் போக முடியாது. கரைக்காவது போய்விட்டு வருவோம் என்று போனான்.

படித்துறையைக் காணோம். திங்கட்கிழமை வரை கீழே கிடந்த ஆறு மேலே ஏறி, மேல் படியை நக்கிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பாய்லரைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நிறம் செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி. முழு மரம் ஒன்று வேரோடு புரண்டு போனது. மைக் கட்டிய ஆட்டோ, "கரையோரப் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு" என்று இரைந்துகொண்டே மெயின் ரோட்டில் போனது. அது ஆற்றில் தண்ணீர் விடும்போதெல்லாம் போகிற ஆட்டோ. யாரும் காது கொடுப்பதில்லை.

ரத்தினவேல் தெருவுக்குத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தான். செல்லக்கிளி வீட்டுக்குப் பின்னால் போகிற வடிகால் வாய்க்கால் எப்போதும் ஆற்றைப் பார்த்துப் போகும். இப்போது ஆற்றிலிருந்து தெருவைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கரையைத் தாண்டி வர வேண்டிய அவசியமே தண்ணீருக்கு இல்லை. புறக்கடை வழியாக வருகிறது. குப்பையையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல்.

ஓடினான். "அத்தை! தண்ணி வருது! செல்லக்கிளியைத் தூக்கணும்!"

வெள்ளையம்மாள் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா?"

"அத்தை, சத்தியமா. இந்தத் தடவை நிஜம். வாய்க்கால் எதிர்த்து வருது. மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க."

"அவன் தஞ்சாவூருக்குப் பூ கொண்டு போயிருக்கான். வந்து சேர ராத்திரி ஆகும். ஒரு தடவை உங்களை நம்பித் தூக்கினோம் தம்பி. பிள்ளை வயித்தை விட்டு நழுவப் பார்த்துச்சு. டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியுமில்ல? இனி எவன் வந்து கூப்பிட்டாலும் இவ இந்தக் கட்டிலை விட்டு எழுந்திரிக்க மாட்டா."

ரத்தினவேல் போனை எடுத்தான். ஓடும்போதே வாய்க்காலை வீடியோ எடுத்திருந்தான். நீட்டினான். "பாருங்க அத்தை, பாருங்க, இப்ப எடுத்தது."

வெள்ளையம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீடியோவும் பண்ணுவேன்னு தீபாவளிக்கு நீங்களே இந்தக் கூடத்துல உட்கார்ந்து பீத்தினீங்களே தம்பி."

ஐயோ, பீத்தினான்தான். தண்ணீர் அசைகிற மாதிரி, நுரை அடிக்கிற மாதிரிச் செய்துகாட்டி, எல்லோரும் வாய் பிளந்ததைப் பார்த்துப் பூரித்துப்போனான். இப்போது அந்த வாயை அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. உள்ளே கட்டிலில் செல்லக்கிளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் கை இருந்தது. நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம் என்று அந்தக் கண்ணில் எழுதி ஒட்டியிருந்தது.

"அத்தை, புறக்கடைக் கதவைத் திறந்து ஒரு எட்டுப் பாருங்க."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் அங்க போற நேரத்துல நீங்க உள்ள பூந்து இவளைத் தூக்கிட்டா? நகர மாட்டேன்."

பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு சந்து வழியாக ஓடினான் ரத்தினவேல். வாய்க்கால் இருந்த இடம் இப்போது குளம். செருப்பை உதறினான். இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. உள்ளே இழுப்பு இருந்தது. காலை வைத்த இடத்தில் மண் கரைந்து ஓடியது. அவனுக்கு நீச்சல் தெரியாது. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே முழுக்கு, தலை நனைய. வாய்க்குள் புகுந்த தண்ணீரில் சேறும் அழுகின தழையும் நாறியது. தட்டுத் தடுமாறி மேலே ஏறி, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்து நின்றான். பேச மூச்சு இல்லை.

வெள்ளையம்மாள் அவனைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். மெல்ல நிலையை விட்டுவிட்டு முன்னால் வந்து, அவன் சட்டை நுனியைக் கையில் பிடித்துப் பிழிந்தாள். உள்ளங்கையில் கலங்கல் வழிந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனாள். அந்தக் கரையிலேயே வாழ்ந்த மனுஷி. குழாய்த் தண்ணீருக்கும் புது வெள்ளத்துக்கும் வித்தியாசம் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் உள்ளே திரும்பி, "செல்லக்கிளி, எழுந்திரிக்காதே. எழுந்திரிக்கவே கூடாது. கட்டிலோட தூக்குறோம்" என்றாள்.

கூப்பிட்ட குரலுக்கு, ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டே அர்ஹம் வந்தான். அவன் ஷாப்பில் வண்டி ரிப்பேருக்கு நின்ற இரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கால். வெள்ளையம்மாள் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்து, "மெதுவா, பள்ளம், மெதுவா, தலைமாட்டைத் தாழ்த்தாதீங்க" என்று அதட்டினாள். ரத்தினவேல் தலைமாட்டுப் பக்கம் பிடித்திருந்தான். ஈரத்தில் கை வழுக்கியது. விரலைச் சட்டத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டான். ஒரு குலுக்கல், ஒரே ஒரு குலுக்கல் வந்துவிடக் கூடாது. எந்தக் கடவுளையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. செல்லக்கிளி அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் அவன் தலைமுடியிலிருந்து அவள் நெற்றியில் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

தெருவில் வாசலுக்கு வாசல் தலை நீண்டது. மைக் கத்தியதற்கு எழுந்திருக்காதவர்கள் எழுந்தார்கள். அசையவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிள்ளைத்தாச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதுவும் வெள்ளையம்மாளே முன்னால் நின்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஓடிப் பிள்ளைகளைத் தூக்கினார்கள். கட்டில் மெயின் ரோட்டில் ஆம்புலன்சை அடைந்தபோது பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்தவர்களுக்கு முழங்கால் வரைக்கும் ஈரம்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். ரத்தினவேல் வராந்தாவில் நின்றான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவன் நின்ற இடத்தில் தரையில் ஒரு குட்டை தேங்கியது. துடைக்கிற அம்மா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு முறை துடைத்துவிட்டுப் போனாள். ஜோதி மூச்சிரைக்க வந்து, தன் துப்பட்டாவால் அவன் தலையைத் துவட்டிவிட்டாள். அவனைத் திட்டுவதற்கு வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பாள். இப்போது அவன் காது மடலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். யாரோ தஞ்சாவூருக்குப் போன் பண்ணினார்கள், இளவரசன் கிளம்பிவிட்டானாம். கதவு திறக்கவில்லை. ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனாள். இன்னொருத்தி அதைவிட வேகமாக வெளியே வந்தாள். பிள்ளை போய்விட்டது, நான்தான் கொன்றேன் என்று அவன் முடிவே பண்ணிவிட்டான்.

கதவைத் திறந்து வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். "தம்பி, இங்க வாங்க."

போனான். செல்லக்கிளி படுத்திருந்தாள். டாக்டரம்மா அவள் வயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டக்டக், டக்டக், டக்டக். நிற்காமல், ஒரே வேகமாக. திரை இல்லை, படம் இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை.

"கேட்குதாண்ணே?" என்றாள் செல்லக்கிளி.

ரத்தினவேல் நாற்பது பேர் பார்க்கிற ஆஸ்பத்திரியில், கதவைக்கூடச் சாத்தாமல், ஓவென்று அழுதான்.